உப்புக் காற்றில் பழைய விமானக் கிட்கள்: வாங்குவதும் காப்பதும்

பழைய பிளாஸ்டிக் விமானக் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரி விமானம்) ஒன்றில் கடைசியாகக் கெடுவது பிளாஸ்டிக். வெயிலும் சூடும் படாமல் வைத்தால் பாலிஸ்டைரீன் பாகங்கள் அறுபது வருடம் கழித்தும் பசை பிடிக்கும், பெயின்ட் பிடிக்கும். முதலில் போவது அட்டைப்பெட்டி, அடுத்து டிகால் (நீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் அடையாளப் படத்தாள்), பிறகு வழிமுறைத் தாள், பையை மூடிய ஸ்டேப்பிள் ஊசி. சேகரிப்பாளர் காசு கொடுப்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை; இங்கே உப்புக் காற்று அவ்வளவு கடுமை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்த இராமநாதபுரக் கரையில் கிட் சேர்ப்பவர், வாங்கத் தெரிவதற்கு முன் வைக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எது உண்மையிலேயே அரிது

வயதைப் பார்த்து அரிது என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு. பிளாஸ்டிக் கிட் எஃகு அச்சிலிருந்து வருவது. அச்சு இருக்கும்வரை அதே பாகங்களை எந்த நிறுவனமும் மறுபடி அடித்து விற்கலாம், விற்கவும் செய்கின்றன. அப்படி மறுவெளியீடு வந்ததும் பழைய பாகங்களின் மதிப்பு விழும்; பழைய பெட்டியின் மதிப்பு நிற்கும். ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த அச்சு மறுபடி வந்திருக்கிறதா? இந்தப் பெட்டி எந்தக் காலத்தது? ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைத் தட்டினால் ஒரு அச்சு எந்தெந்தப் பெயரில், எந்தெந்த வருடத்தில் வெளிவந்தது என்பது வரிசையாகத் தெரியும். பேரம் பேசும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-இல் விட்ட முதல் 1/72 (நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் போர்விமானம் நல்ல உதாரணம். பிரிட்டனில் ஊல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு, பிளாஸ்டிக் பையில், மேலே மடித்த அட்டை ஸ்டேப்பிள் அடித்து விற்றது. உருவம் சரியில்லை, பி.டி.கே. என்ற எழுத்துகளும் உண்மையான விமானத்துக்குரியவை அல்ல. பின்னால் வேறு அச்சு செய்து இதைக் கைவிட்டார்கள். அதனால்தான் மோசமான ஸ்பிட்ஃபயர் என்று பெயர் வாங்கிய அதற்கு நல்ல விலை.

ஏர்ஃபிக்ஸ் பெட்டியின் காலத்தை முகவரியும் உரிமையாளர் பெயரும் காட்டிக்கொடுக்கும். 1981-இல் நிறுவனம் நொடித்தது, பாலிடாய் எடுத்தது. 1986-இல் ஹம்ப்ரால், 2006-இல் ஹார்ன்பி. பெட்டிப் பக்கவாட்டில் ஹம்ப்ரால் பெயர் இருக்கும் கிட்டை "அறுபதுகளின் ஒரிஜினல்" என்று ஒருவர் விற்றால், அச்சு அறுபதுகளுடையதாக இருக்கலாம், பெட்டி நிச்சயம் இல்லை.

ஃபிராக் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கதை வேறு. 1976-இல் உற்பத்தி நின்றதும் பெரும்பாலான அச்சுகள் சோவியத் நாட்டுக்குப் போய், நோவோ என்ற பெயரில் வந்தன. ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளில் பல ரெவெல் நிறுவனத்துக்குப் போயின. கட்டுவதற்கு வேண்டுமென்றால் நோவோ போதும், பாகங்கள் அதே. சேகரிப்புக்கு என்றால் ஃபிராக் பெட்டி. நோவோவில் பிளாஸ்டிக் சில சமயம் நொறுங்கும் தன்மையோடு இருக்கும், டிகால் ஒட்டாது. பேர விலையில் கிடைக்கும் "அரிய ஃபிராக்" பல இந்த நோவோதான்.

மேட்ச்பாக்ஸ் 1973-இல் தொடங்கிய வரிசையில் பாகங்கள் ஒரே கிட்டில் இரண்டு, மூன்று நிறங்களில் வரும். பின்னாளில் ரெவெல் அதே அச்சுகளை மறுபடி விட்டபோது பெரும்பாலும் ஒரே நிறம். பெட்டியைத் திறந்து நிறத்தைப் பார்த்தாலே உள்ளே மாற்றி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

போருக்கு முந்தைய ஃபிராக் பெங்குவின் வரிசை 1936-இல் வந்தது; பாலிஸ்டைரீன் அல்ல, செல்லுலோஸ் அசிடேட். இந்தப் பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடும். இறக்கை வாழையிலை போலச் சுருளும், பெட்டியில் வினிகர் வாடை அடிக்கும். அந்த ஆவி பக்கத்துக் கிட்களின் காகிதத்தையும் அரிக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி ஓடும் அறை இல்லாதவர் இந்தக் கரையில் பெங்குவின் வாங்குவது வீண் செலவு.

ஒரு கருப்பொருளுக்குள் நில்லுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் அலமாரி நிறையும், சேகரிப்பு உருவாகாது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கும் மாவட்டத்தில், இந்திய விமானப்படையும் கடற்படையும் பறந்த விமானங்களின் பழைய கிட்கள் என்பது நல்ல எல்லை. கடற்படை வைத்திருந்த ஐலண்டர், ஐ.என்.எஸ். விக்ராந்தில் இருந்த சீ ஹாக், பிறகு வந்த சீ கிங், மூன்றையும் ஏர்ஃபிக்ஸ் 1/72-இல் செய்தது. முதல் ஸ்குவாட்ரன் பர்மாவில் பறந்த லைசாண்டரும் ஏர்ஃபிக்ஸில் உண்டு. ஏழாம், எட்டாம் ஸ்குவாட்ரன்கள் பறந்த வெஞ்சன்ஸ் ஃபிராக்கில் கிடைத்தது. 1968 வரை நாம் வைத்திருந்த லிபரேட்டர் ஏர்ஃபிக்ஸின் பெரிய பெட்டி.

இங்கே வகை பார்த்து வாங்க வேண்டும். 1965 போரில் பேர் வாங்கிய நாட் ஒற்றை இருக்கை விமானம். ஏர்ஃபிக்ஸின் பழைய நாட் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நம் அடையாள டிகாலை ஒட்டினாலும் அது நம் நாட் ஆகாது. ஏர்ஃபிக்ஸின் பழைய கான்பெரா பி(ஐ)6 வகை. நம்மிடம் இருந்த பி(ஐ)58-க்கு ஒரு பக்கமாகத் தள்ளிய போர்விமானக் கண்ணாடிக் கூண்டு, மூக்கே வேறு. ஹண்டர் பரவாயில்லை: நம் மார்க் 56, எஃப்.6-இலிருந்து வந்தது.

எங்கே தேடுவது

இணைய ஏலம் எல்லோரும் போகும் வழி. ஆனால் இந்தக் கரைக்குத் தனியாக ஒரு வழி உண்டு. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூர், மலேயா, கொழும்பு, பிறகு வளைகுடா என்று போய்வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு வாங்கிவந்த விளையாட்டுச் சாமான்கள் பரண்மேல் தகரப்பெட்டிகளில் இருக்க வாய்ப்புண்டு. வீடு இடிக்கும்போதோ பாகப்பிரிவினையின்போதோ அவை காயலான் கடைக்கு இறங்கும். இராமநாதபுரம், பரமக்குடி, மதுரைக் காயலான் கடைக்காரர்களிடம் "பிளாஸ்டிக் விமானம்" என்று மட்டும் சொன்னால் புரியாது. ஒரு பழைய பெட்டியின் படத்தையும், கத்தரிக்காத ஸ்ப்ரூவின் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின்) படத்தையும் அவர்கள் போனில் ஏற்றிவிட்டு வாருங்கள். கட்டி முடித்த விமானம் வேண்டாம், சட்டத்தோடு ஒட்டியிருக்கும் துண்டுகள்தாம் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி காகிதக் குவியலுக்கும் பாகங்கள் பிளாஸ்டிக் குவியலுக்கும் பிரிந்து போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும், விகிதம் மாறும் என்பதால் பணம் கட்டும் முன் அந்த வாரத்து நிலவரம் பாருங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பொருள் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைத்த தொகைக்குத்தான்.

பணம் கொடுக்கும் முன்

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: பெட்டியின் நான்கு பக்கவாட்டும் நான்கு மூலைகளும், ஸ்ப்ரூக்களைத் தட்டையாகப் பரப்பி மேலிருந்து, கண்ணாடிப் பாகங்கள் தனியாக, டிகால் தாள் சாய்ந்த வெளிச்சத்தில், வழிமுறைத் தாளின் எல்லாப் பக்கமும். மேலும் ஒரு கேள்வி: சிகரெட் வாடை, பூஞ்சை வாடை இருக்கிறதா? படத்தில் தெரியாத குறை இது.

பாகங்களை வழிமுறைத் தாளின் எண்ணோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முதலில் காணாமல் போவன கண்ணாடிக் கூண்டு, விமானி, சக்கரம், புரொப்பல்லர், நிறுத்தும் ஸ்டாண்டு. ஸ்ப்ரூவில் ஒரு கிளை முனை முறிந்திருந்தால் அங்கே ஒரு பாகம் இருந்திருக்கிறது. அது பெட்டிக்குள் தளர்வாகக் கிடக்க வேண்டும். முறிந்த முனை எதுவும் இல்லாத இடத்தில் பாகமும் இல்லை, ஓரம் உருண்டு மொழுக்கென்று இருக்கிறது என்றால், அச்சில் பிளாஸ்டிக் முழுதாகப் பாயவில்லை. தொழிற்சாலைக் குறை, யாரும் எடுத்ததில்லை. ஓரங்களில் ஜவ்வு போல நீட்டிக்கொண்டிருப்பது அச்சு தேய்ந்த பின் அடித்ததன் அடையாளம். அதாவது பின்னாளைய வெளியீடு.

மூடிய கிட் என்பதை அப்படியே நம்பாதீர்கள். ஷ்ரிங்க் உறையை (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் தாள்) சின்ன இயந்திரத்தால் யாரும் மறுபடி போடலாம். பழைய உறை விறைத்து, ஓரங்களில் அழுக்கு ஏறி, பெட்டியின் தேய்மானத்தோடு ஒத்திருக்கும். தேய்ந்த மூலைக்கு மேல் பளபளவென்று உறை இருந்தால் சந்தேகப்படுங்கள். பையில் வந்த ஏர்ஃபிக்ஸ் என்றால் ஸ்டேப்பிள் ஓட்டைகளை எண்ணுங்கள். இரண்டு ஊசிக்கு நான்கு ஓட்டை. கூடுதலாக ஓட்டை இருந்தால் ஒருமுறை பிரித்துப் பூட்டியது.

அனுப்பும் முறையையும் நீங்களே சொல்லுங்கள். பெட்டிக்குள் பெட்டி, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பு, உள்பெட்டி பாலித்தீன் உறைக்குள். ஐப்பசி, கார்த்திகையில் பார்சல் நனையாமல் வந்து சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

உப்பும் ஈரமும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கும் வெகு கீழேயே கசகசக்கும். காற்றோடு வந்து பெட்டியில் படியும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூசி அட்டையை எப்போதும் லேசாக நனைத்தே வைத்திருக்கிறது. அந்த ஈரத்தில் பூஞ்சை, அந்த உப்பில் ஸ்டேப்பிள் துரு. அதனால் "அறை உலர்ந்துதானே இருக்கிறது" என்ற சமாதானம் செல்லாது. உப்பை உள்ளே விடாமல் இருப்பது முதல் வேலை, ஈரத்தைக் குறைப்பது இரண்டாவது.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக் காற்று உப்பைக் கொண்டுவரும். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் தென்மேற்குக் காற்றான கச்சான் கொண்டுவரும். இராமேசுவரம் தீவுக்கு இரண்டும். காற்று வரும் சுவரில் அலமாரி வைக்கக் கூடாது. உள்சுவர் ஓரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல். இரும்பு பீரோ வேண்டாம். துருப்பொடி பெட்டிமேல் விழும், கறை போகாது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை போட்ட மாடியறை சித்திரை வெயிலில் மெல்லிய பாகங்களை வளைத்துவிடும், அதுவும் வேண்டாம். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பாலிப்ரொப்பிலீன் பெட்டிகள் வாங்குங்கள். 50 லிட்டர் பெட்டியில் சாதாரண 1/72 கிட்கள் பத்துக்கு மேல் அடங்கும்.

ஈரப்பதமானி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று. மலிவான டிஜிட்டல் கருவி ஐந்து, பத்துப் புள்ளி தவறாகக் காட்டும், ஆகவே சோதித்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடி நிறைய உப்பு, வாலிநோக்கம் உப்பானாலும் சரி, கடையில் வாங்கிய சுத்திகரித்த தூள் உப்பு இன்னும் சரி. சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வெயில் படாத இடத்தில் 12 மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும். கருவி 81 காட்டினால் இனி அது காட்டுவதில் 6 கழியுங்கள்.

இலக்கு 45 முதல் 55 சதவீதம். 35-க்குக் கீழே போனால் பழைய அட்டை மடிப்பில் வெடிக்கும், டிகாலிலும் விரிசல் விழும்.

சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) எவ்வளவு என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஷூ பெட்டியில் வரும் சிறு பொட்டலங்கள் எதற்கும் உதவாது. காரணம், ஈரம் காற்றில் இல்லை, அட்டையில் இருக்கிறது. 80 சதவீத ஈரப்பதத்தில் இருந்த 2 கிலோ அட்டையையும் காகிதத்தையும் 50-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். அந்த நிலையில் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால்பங்குதான் பிடிக்கும். அதாவது முதல் உலர்த்தலுக்கு 400 முதல் 500 கிராம். அதன்பின் பெட்டியை அடிக்கடி திறக்காவிட்டால் 200 கிராம் மாதக்கணக்கில் தாங்கும். ஆரஞ்சு நிறமணி வாங்குங்கள்; நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. மணி நிறம் மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீளும். மணிகளைத் துணிப்பையில் கட்டிப் பெட்டியின் ஓரத்தில் நிறுத்துங்கள். கிட்மேல் நேரடியாகப் படவேண்டாம்.

பெட்டிகளைத் திறந்து பார்க்க, எண்ண, படமெடுக்க நல்ல காலம் மாசி. வாடை தணிந்திருக்கும், கச்சான் எழும்பியிருக்காது. அறையில் ஏசியைக் காலையிலிருந்தே ஓடவிட்டு, பிறகு திறவுங்கள். குளிர்ந்த பெட்டியை ஏசி அறையிலிருந்து நேராக வெளித்திண்ணைக்கு எடுத்துவந்தால் கண்ணாடிப் பாகத்திலும் டிகாலிலும் பனி கோக்கும்.

பெட்டிக்குள்ளேயே இருக்கும் எதிரி

சில கிட்களில் டயர் மட்டும் மென்மையான வினைலாக இருக்கும். அதிலுள்ள எண்ணெய்ப்பசை காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். சக்கரம் உருகிப்போய், சில சமயம் கண்ணாடிக் கூண்டில் டயர் வடிவில் பள்ளம் விழுந்திருக்கும். வாங்கியதும் முதல் வேலையாக டயரை எடுத்து அலுமினியத் தாளில் சுற்றித் தனி பாலித்தீன் பையில் போடுங்கள். ரப்பர் பேண்டு கட்டியிருந்தால் கத்தரித்து எறியுங்கள். பி.வி.சி. உறைகளில் எந்தக் கிட்டையும் வைக்காதீர்கள்; பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் மட்டும்.

அந்துருண்டை வைக்கவே கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை மென்மையாக்கிப் பிசுபிசுக்கச் செய்யும். துணிப்பெட்டிக்கு நல்லது என்பதற்காக இங்கே நல்லதாகிவிடாது. கற்பூரமும் அதே வழக்கு. வேப்பிலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும். பூச்சிக்குச் சரியான வழி, புதிதாக வந்த கிட்டை மூன்று வாரம் தனியாக மூடிய பையில் வைத்து, வெள்ளைத் தாளின்மேல் தூள் உதிர்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது. உலர்ந்த பெட்டியில் வெள்ளிப்பூச்சி தங்காது.

பெட்டியைத் துடைக்க ஈரத்துணி வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் உப்புத் தூசியைத் தட்டுங்கள். பூஞ்சை இருந்தால் முதலில் 50 சதவீதத்துக்குக் கீழே இரண்டு நாள் உலர விட்டு, பிறகு வெளியில், முகக்கவசம் போட்டு, காற்று முதுகில் படும்படி நின்று தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அட்டைக்குள் இறங்கும். கிழிந்த மூலைக்குச் செல்லோடேப் ஒட்டினால் பத்து வருடத்தில் பழுப்புக் கறை நிரந்தரம். மைதாப் பசை கரப்பானுக்கு விருந்து. மெல்லிய ஜப்பானியத் தாளும் மெத்தில் செல்லுலோஸ் பசையும் வைத்து உட்பக்கமாக ஒட்டுங்கள். வேண்டாதபோது தண்ணீரில் எடுத்துவிடலாம்.

ஷ்ரிங்க் உறை நம் கோடையில் இன்னும் இறுகிப் பெட்டி ஓரங்களை உள்ளே இழுக்கும். ஓரம் வளையத் தொடங்கினால் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் கீறிவிட்டு, உறையை அப்படியே விட்டுவையுங்கள். மூடிய கிட் என்ற மதிப்பு கொஞ்சம் குறையும். நசுங்கிய பெட்டிக்கு அதைவிட அதிகம் குறையும்.

டிகால்

டிகால் தாள் வந்த அன்றே, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். அது கெட்டாலும் அளவு மாறாமல் புதிதாக அச்சடிக்க முடியும்.

மஞ்சளித்த படலத்தை வெயில் வெளுக்கும். தாளை ஜிப் பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம், அச்சுப்பக்கம் வெயிலைப் பார்க்க ஒட்டுங்கள். குளிர்நாடுகளில் வாரக்கணக்கில் ஆகும் வேலை நம் வெயிலில் சில நாளில் முடியும். தினமும் சாயங்காலம் பாருங்கள். படலம் வெளுப்பதோடு சிவப்பும் நீலமும் மங்க ஆரம்பிக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

கட்டப்போகும் கிட் என்றால், முழுத்தாளை நனைக்கும் முன் தேவையில்லாத ஓர் எழுத்தைக் கத்தரித்து வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். சிதறினால் மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் திரவ டிகால் படலத்தை மீதித் தாள்மேல் ஒரு பூச்சுப் பூசி, முழுதாக உலர விடுங்கள். அதன்பின் ஒவ்வொரு அடையாளத்தையும் ஓரம் ஒட்டித் தனித்தனியாக வெட்ட வேண்டும், ஏனென்றால் இப்போது தாள் முழுதும் ஒரே படலம். சேகரிப்புக்கு மட்டும் வைத்திருப்பதில் எதையும் பூசாதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

1964-இல் தனுஷ்கோடியை எடுத்த கடல் இது. 2018 கஜாவும் மறந்திருக்காது. தரைத்தளத்தில் கடல்நீர் வரும், மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் கூரை ஒழுகும். மாடி வீடு என்றால் முதல் மாடியின் உள்ளறை, கட்டில்மேல். ஓட்டு வீடு என்றால் ஊருக்குள் உறவினர் வீடு. பெட்டி மூடியின் விளிம்பைச் சுற்றி அகலமான பேக்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் பெரிய குப்பைப் பைக்குள், பையின் வாய் கீழாக இருக்கும்படி இறக்குங்கள். மின்சாரம் ஒரு வாரம் வராது என்று வைத்துக்கொண்டு, உலர்த்திய சிலிக்கா ஜெல் ஒரு கிலோ இறுக மூடிய பாட்டிலில் கையிருப்பு இருக்கட்டும். ஓவன் இல்லாத நாட்களில் அதுதான் வேலைக்கு ஆகும்.